கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை

அம்மா, அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த ஓவியத்தையும் அழிக்கவில்லை. அத்தான் குடும்பக் குழுவில் போட்ட வீடியோவில், ஈரத் துடைப்பத்தோடு மாடிப்படியில் முழி பிதுங்க நிற்பது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் கீழே ‘வரலாற்றையே துடைத்துத் தள்ளிய வேலைக்காரி’ என்று எழுதியிருக்கிறதே, அது பச்சைப் பொய். அத்தான் அதற்குச் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருக்கிறார். ஊருக்கு வரும்போது அதை நேரில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு அக்கா.

எழுத உட்கார்ந்தால் இது முடியாது, அதனால் பேசியே அனுப்புகிறேன். நீளமாகத்தான் இருக்கும். அம்மா, பாதியில் அழ ஆரம்பிக்காதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டேன். நீ சொன்ன மாதிரி குளிருக்குக் காதை மூடித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே வேலை செய்கிற வீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவைப் பற்றி உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கைத்தடி ஊன்றி நடப்பவர், வாய் கொஞ்சம் நீளம், டீயில் சர்க்கரை குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறேன். அவருடைய கணவர் பெரிய ஓவியர் என்பதைச் சொன்னேனா, நினைவில்லை. சொல்லியிருந்தால் அம்மா ‘சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவரா?’ என்று கேட்டிருப்பாள். இல்லையம்மா. காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் அவர் படம் வருகிற அளவுக்குப் பெரிய ஆள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். செத்துப் பல வருடம் ஆகிறது. அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தது ஒரே ஒரு பெண்ணை. ஜன்னலோரம் நிற்கும் பெண், கூடை சுமக்கும் பெண், மஞ்சள் உடையில் நாற்காலியில் சாய்ந்த பெண், எல்லாம் எங்கள் பெரியம்மாதான்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வரைக்கும்.

“ஏ பதறி,” என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் அது. நான் எதற்கெடுத்தாலும் பதறுகிறேனாம். “இந்த முட்டி இருக்கே, இது ஜன்னலோரம் நின்ன முட்டி. மேல தேய். இந்தத் தோள், கூடை தூக்கின தோள்.”

“கூடை வெறும் கூடைதானே பெரியம்மா?”

“வெறும் கூடையா? கூடை நிறைய ஆப்பிள். நிஜ ஆப்பிள். வெறும் கூடைன்னா தோள் பொய் சொல்லுமாம் அவருக்கு. ஒரு ஆப்பிளை எடுத்துத் தின்னுட்டேன்னு ஒரு நாள் பூரா பேசல.”

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியம்மாவை ஓர் இடத்தில் நிற்க வைத்தால், கால் இரண்டையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார். சமைக்கவோ, பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ போய்விட்டு வந்தால், திரும்பவும் அதே கோட்டுக்குள் காலை வைக்க வேண்டும். நாற்காலிக் காலுக்கும் கோடு, கட்டில் காலுக்கும் கோடு. வீடு முழுக்க இவர் காலடி வெள்ளை வெள்ளையாகக் கிடக்குமாம். விருந்தாளி வந்தால் தாண்டித் தாண்டி நடப்பார்களாம். “என் கால் எங்க இருக்கணும்னு எனக்கே தெரியாது, தரைக்குத்தான் தெரியும்,” என்று ஒரு முறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தைல பாட்டிலை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மாஸ்டரைப் பற்றிக் கனமான புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் பெரியம்மாவை ‘மௌன தேவதை’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டினேன்.

“மௌனம் என்ன மௌனம்? வாயைத் திறந்தா தாடைக்குக் கீழ நிழல் மாறுதுன்னு கத்துவாரு. பேச விட்டாத்தானே?”

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டை மாஸ்டரின் நினைவு இல்லமாக மாற்றுகிறார்கள். மகன்தான் அதற்குத் தலைவர். கெட்டவர் இல்லை, அம்மா மேல் பிரியம் உள்ளவர்தான். ஆனால் அப்பா பெயரைக் கேட்டால் முதுகு நிமிர்ந்துவிடும், காது அடைத்துவிடும். பெரியம்மா கீழே பின்னறையில் கடைசி வரை இருக்கலாம், மாடியைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடுவது என்று பேச்சு. பெரியம்மாவும் தலையை ஆட்டிவிட்டார். ஒரு நாள் மகன் சமையலறைக்கு வந்து, நின்றுகொண்டே டீ குடித்தபடி சொன்னார்.

“எல்லாப் படமும் வருதும்மா. ‘அமைதி’கூட வருது. மியூசியத்துல கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கோம்.”

‘அமைதி’தான் மாஸ்டரின் படங்களிலேயே பேர்போனது. அக்கா, நீகூடப் பார்த்திருப்பாய். மங்கின வெளிச்சத்தில் ஒரு பெண் கட்டிலில் தூங்குவாள், வாய் லேசாகத் திறந்திருக்கும், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தரையைப் பார்த்துத் தொங்கும். ஆஸ்பத்திரிகளில் உட்காரும் இடத்தில் மாட்டி வைப்பார்கள், நோயாளிக்கு மனசு லேசாகுமாம்.

பெரியம்மா ரொட்டியைக் கீழே வைத்தார். “எதை வேணா மாட்டு. அது மட்டும் வேணாம்.”

“ஏம்மா? அதை வரைஞ்சதே மேல அந்த ரூம்லதானே? அதே கட்டில், அதே ஜன்னல். அங்கயே மாட்டினா...”

“நான் இந்த வீட்ல இருக்கற வரைக்கும் அது உள்ள வரக்கூடாது.”

“காரணம் சொன்னாத்தானே நாலு பேருகிட்ட நான் பேச முடியும்?”

“காரணம் கேக்காம எத்தனை வருஷம் நின்னிருக்கேன் நான்? நீ ஒரு தடவை காரணம் கேக்காம ஒண்ணு செய்யேன்டா.”

“சரிம்மா, பாக்கலாம்,” என்றார் மகன்.

அந்தப் ‘பாக்கலாம்’ எனக்குத் தெரியும். நான் சைக்கிள் கேட்டபோது அப்பா சொன்ன அதே ‘பாக்கலாம்’.

அதற்குப் பிறகு வேலை தொடங்கிவிட்டது. கண்காட்சிப் பொறுப்பாளர் ஓர் அம்மா வந்தார். எந்நேரமும் வெள்ளைக் கையுறை, பேச்சு பூனை நடக்கிற மாதிரி. நாங்கள் அவருக்குக் கையுறை மேடம் என்று பெயர் வைத்தோம். டீ கொடுத்தால்கூடக் கையுறையைக் கழற்ற மாட்டார். “அவ கைரேகையைத் திருடிட்டுப் போயிடுவோம்னு பயம்,” என்பார் பெரியம்மா.

மாடி அறையில் கட்டிலடியில் கிடந்த பழைய கம்பளத்தைச் சுருட்டியபோது, தரையில் சாக்பீஸ் கோடுகள் அப்படியே இருந்தன. கட்டில் காலைச் சுற்றிக் கோடு. கொஞ்சம் தள்ளி ஒரு பெருக்கல் குறி. படத்தில் அந்தக் கை தொங்குகிறதே, விரல் நுனிக்கு நேர் கீழே. கையுறை மேடம் முழந்தாள் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர். படத்தின் ரகசிய மையமாம் அது, மாஸ்டர் கணக்குப் போட்டு வைத்த புள்ளியாம். விழா முடிந்ததும் அதன் மேல் கண்ணாடி பதிக்கப் போவதாகச் சொல்லி, சுற்றிலும் நாடா ஒட்டி, “இந்தப் பக்கமே வரக்கூடாது,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. என் பயம்தான் உங்களுக்குத் தெரியுமே. என்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு ஒரு புகார் போனால் போதும், என் விசா கோவிந்தா.

திறப்பு விழா அன்று காலை பெரியம்மாவுக்கு டீ கொண்டுபோனேன். அவர் எழுந்து உடை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“நேத்து சாயங்காலம் என்னைத் தோட்டத்துல உக்கார வச்சுட்டு, பின்வாசல் வழியா என்னமோ தூக்கிட்டுப் போனாங்க. என்ன அது?”

நான் டீக் கோப்பையை நீட்டினேன்.

“உன் முழியே சொல்லுது. வா மேல.”

ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். அறைக்குள் போனோம். சுவரில் ‘அமைதி’. கீழே அதே கட்டில், அதே மாதிரி விரிப்பு. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

“இது இன்னுமா இருக்கு?” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. “ஈரத் துடைப்பம் கொண்டா.”

“ஐயோ பெரியம்மா, அது ரொம்ப முக்கியமாம்.”

“யாருக்கு?”

“வரலாத்துக்காம்.”

“வரலாறா வந்து இங்க படுத்துச்சு? நான்தானே படுத்தேன். கொண்டா.”

அவர் வீடு, அவர் தரை, அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். கொண்டுவந்தேன். நானே துடைக்கலாம் என்று குனிந்தால் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். “நீ தொடாதே. நாளைக்கு உன் தலையிலதான் விடியும்.” ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் துடைப்பம். அந்தக் குறியை ஒரு முறை, இரு முறை, போன பிறகும் போனதா என்று செருப்புக் காலால் ஒரு முறை தேய்த்தார். முடிந்ததும் மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்காரச் சொன்னேன். “அதுலயா? செத்தாலும் உக்கார மாட்டேன்,” என்றார்.

பிறகு துடைப்பத்தை என்னிடம் கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு படியில் இறங்க, கையுறை மேடம் படியில் ஏற, அவருக்குப் பின்னால் போன் பிடித்துக்கொண்டு விழாவைப் படமெடுக்க வந்த யாரோ ஒருவர். அதுதான் அக்கா, நீங்கள் பார்த்த வீடியோ.

மேடம் மேலே ஓடினார், கத்தினார், கீழே ஓடி வந்தார். பூனை நடை எல்லாம் போய்விட்டது. “என்ன காரியம் பண்ணிட்ட! படிப்பறிவில்லாத ஆளுங்களை உள்ள விட்டா இதான் நடக்கும்!” மகனும் ஓடி வந்தார். நான் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போது மாடியிலிருந்து பெரியம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார், ஊருக்கே கேட்கிற மாதிரி:

“நான்தான் தொடைச்சேன்.”

வீடியோவில் இது இருக்காது. வெட்டிவிட்டார்கள்.

மகன் அண்ணாந்து பார்த்தார். “அம்மா, சும்மா இருங்க. அவளைக் காப்பாத்தப் பாக்குறீங்க.”

“டேய், என் கையாலதான்டா தொடைச்சேன்.”

“அவங்களுக்கு வயசாயிடுச்சு, பாவம், மனசு இளகினவங்க,” என்றார் மேடம், மற்றவர்களைப் பார்த்து.

எனக்கு அங்கேதான் நெஞ்சு எரிந்தது. என்னைத் திட்டியது பெரிதில்லை. ஒரு பெண் தன் வாயால், தான் செய்ததைச் சொல்கிறார். ஒருத்தருக்கும் அது காதில் ஏறவில்லை. அவர் கையை அவரே அசைப்பார் என்று நினைத்துப் பார்க்கக்கூட அவர்களால் முடியவில்லை. படத்தில் இருப்பவர் எப்படி எழுந்து துடைப்பார்? அதனால் துடைத்தது வேலைக்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. குறி போனால் என்ன, குறிக்குச் சொந்தக்காரி உயிரோடு இருக்கிறாரே. விழாவில் எல்லோர் முன்னாலும் பெரியம்மா அந்தக் கட்டிலில் அதே மாதிரி படுத்துக் கையைத் தொங்கவிட்டால், விரலுக்கு நேராகத் தரையில் புதிதாகக் குறி போட்டுவிடலாம். கேமராக்கள் இருக்கும், இன்னும் விசேஷமாக இருக்கும். மகன் முகம் மலர்ந்துவிட்டது. தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டார்.

“சரி,” என்றார் பெரியம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் செத்தாலும் உட்கார மாட்டேன் என்ற கட்டில். “பெரியம்மா, நெஜமாவா?” என்றேன், தலை வாரிவிடும்போது.

“காதைத் தீட்டி வச்சுக்கோ, பதறி. கூப்பிட்டா வரணும்.”

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அவர் எந்த அறையில் இருந்தாலும் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்டினால் நான் எங்கிருந்தாலும் ஓட வேண்டும். மணி வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார். இந்தத் தட்டுதான் வேண்டும் என்றார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விழா நேரத்தில் என்னைச் சமையலறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், வெளியே தலை காட்டக்கூடாது என்று. கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் செருப்புச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், மகன் ஏதோ பேச, கைதட்டல். அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. படுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

டொக். டொக்.

கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். வாசலில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், கட்டிலில் பெரியம்மா படத்தில் இருக்கிற மாதிரியே சாய்ந்திருக்கிறார். வலது கை வெளியே தொங்குகிறது. அந்தக் கையில் கைத்தடி. பக்கத்தில் கையுறை மேடம் சாக்பீஸோடு முழந்தாளில். மேலே சுவரில் அதே பெண், இளமையாக. கேமராக்கள் எல்லாம் பெரியம்மா மேல்.

“வந்துட்டா பாருங்க,” என்றார் பெரியம்மா, என்னைக் காட்டி. “ரெண்டு தட்டு. அவ்ளோதான் வேணும்.”

மகன், “அம்மா, கையை மட்டும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தார்.

“இரு. அன்னிக்கும் நான் தட்டத்தான் கையை இறக்கினேன். இந்த வீட்டுக் கீழ அப்ப ஒரு தையல்காரம்மா குடியிருந்தா. தரையில ரெண்டு தட்டு தட்டினா ஓடி வருவா. எனக்கு ஆறாம் மாசம். காலையிலேர்ந்து ரத்தம் போயிட்டே இருக்கு. நர்ஸைக் கூப்பிடுங்கன்னு உங்கப்பாகிட்ட சொன்னேன். அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துட்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு. மருந்துப் பெட்டி இல்ல. கலர்ப் பெட்டி.”

மேடத்தின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

“சரி, நானே தட்டிக் கூப்பிடலாம்னு கையை இறக்கினேன். ‘அப்படியே இரு, அசையாதே’ன்னாரு. நான் அசையல. ஏன் அசையலன்னு இன்னிக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கறேன். அசையாம இருந்து இருந்து உடம்புக்கு அது பழகிப்போச்சு. வெளிச்சம் போற வரைக்கும் அப்படியே கிடந்தேன். வெளிச்சம் போனதும் என் விரலுக்கு நேரா தரையில ஒரு குறி போட்டாரு. அப்புறம்தான் நர்ஸைக் கூப்பிடப் போனாரு. மொதல்ல குறி. அப்புறம் நர்ஸ்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் போய் முதுகைத் தாங்கிக்கொண்டேன்.

“குழந்தை போச்சு. அடுத்த வாரம், படம் இன்னும் முடியலன்னு திரும்பப் படுக்க வச்சாரு. அதே குறிக்கு நேரா கையை வைன்னாரு. வச்சேன். அதுக்குப் பேரு ‘அமைதி’யாம்.”

அக்கா, இதற்குப் பிறகு நடந்ததை நீ நம்ப மாட்டாய். பின்வரிசையில் யாரோ கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். அப்புறம் அறை முழுக்கத் தட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்! ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன நடிப்பு, என்ன நடிப்பு,” என்றார். என் காதால் கேட்டேன். கையுறை மேடமும், பழக்கதோஷமோ என்னவோ, கையுறைக் கையால் மெத்து மெத்தென்று தட்டினார்.

பெரியம்மா அந்தக் கூட்டத்தைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மகன் மட்டும் தட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கத்தானே கூப்பிட்டே? உனக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சுன்னு உனக்கே இப்பத்தான் தெரியும். அதைக் கழட்டு.”

“இப்பவா? இத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா? விழா முடியட்டும், பாக்கலாம்.”

“பாக்கலாமா? சரி. நீ பாத்துட்டே இரு. நான் கிளம்பறேன்.”

“எங்கம்மா போவீங்க?”

பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா, சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் என் அறைதான் கண் முன்னால் வந்தது. ராத்திரி நான் போய்ப் படுக்கிற அந்த வாடகை அறை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. குளியலறை பொது. வீட்டுக்காரர் விருந்தாளி என்றாலே மூக்கைச் சுளிப்பவர். எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது. ஆனால் வாய் மட்டும் தானாகச் சொல்லிவிட்டது:

“வாங்க பெரியம்மா. படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும்.”

அவர் பையை நான் எடுத்துக்கொண்டேன். பின்வாசல் வழியாகப் போகலாம் என்றேன். “படம் வந்த வழியில நான் ஏன் போகணும்?” என்று முன்வாசல் வழியாகத்தான் இறங்கினார். விழாவுக்கு வந்தவர்கள் வழிவிட்டார்கள், இன்னும் சிலர் கைதட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் நினைவு இல்லத்துக்கான பெரிய போஸ்டர். ‘அமைதி’தான். அதன் கீழே பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ஒருவர் வந்து போஸ்டரை ரசித்துப் பார்த்தார், பிறகு குனிந்து பெரியம்மாவைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எழுத்து மறைக்குது,” என்றார்.

“படிச்சுக்கோ ராசா,” என்று தள்ளி உட்கார்ந்தார். பஸ் வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அறைக்கு வந்தோம். என்னோடு தங்கியிருக்கிற பேக்கரிக்காரி மாவு கையோடு கதவைத் திறந்து, வாயைப் பிளந்தாள். “இவங்க அந்த பிஸ்கட் டப்பாவுல...” “அதே ஆள்தான். ஆனா பிஸ்கட்டுல எனக்குப் பங்கு கிடையாது,” என்றார் பெரியம்மா. அன்றிலிருந்து அவர் என் கட்டிலில், நான் தரையில். ஒன்று சொல்கிறேன், அவர் ஒரு நிமிடம் சும்மா கிடக்க மாட்டார். இந்தப் பக்கம் புரள்வார், அந்தப் பக்கம் புரள்வார், காலை என் மேல் தொங்கவிடுவார், கையைச் சுவரில் இடித்துக்கொள்வார். கட்டில் கிறீச்சென்றே இருக்கும்.

மறுநாள் பத்திரிகை வந்தது. என்னைப் பற்றி ஒரு முழுப் பத்தி, படத்தோடு. பெரியம்மாவைப் பற்றி ஒரே வரி: ‘ஓவியரின் துணைவியார் பழைய நினைவுகளை உருக்கமாகப் பகிர்ந்துகொண்டார்.’ உருக்கமாம்! அதைப் படித்துவிட்டு நான் தட்டை டங்கென்று வைத்தேன். ஏஜென்சியிலிருந்து வேறு போன். “உன் மேல கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு, கலைச்சொத்துச் சேதம்னு போட்டிருக்கு,” என்று. விளக்கிச் சொன்னேன். “வீடியோவுல துடைப்பம் உன் கையிலதானே இருக்கு?” என்றார் அந்த ஆள். அம்மா, நீ போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்காததற்குக் காரணம் இதுதான். எடுத்தால் அழுதுவிடுவேன்.

ஒரு வாரம் போயிருக்கும், மகன் வந்தார். எங்கள் படியில் தலையை இடித்துக்கொண்டு, மருந்துப் பையோடு. உட்கார இடமில்லாமல் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார், போட்டிருந்த கோட்டு சூட்டோடு. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பையனா, பொண்ணாம்மா?”

பெரியம்மா போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். “எங்கிட்ட காட்டல. தையல்காரம்மாதான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனா. பொண்ணுன்னு அவ முகத்தைப் பாத்து நானா நினைச்சுக்கிட்டேன்.”

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலைவிட அது எவ்வளவோ மேல்.

“கழட்டிட்டேம்மா. நானே கழட்டினேன். மியூசியத்துக்குத் திருப்பி அனுப்பியாச்சு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்.”

“சந்தோஷம். இந்தப் பொண்ணு மேல ஒரு புகார் இருக்கே?”

“அதைப் பேசி...”

“இப்பப் பேசு. என் முன்னாடி பேசு.”

அங்கேயே ஏஜென்சிக்குப் போன் போட்டார். “தொடைச்சது எங்கம்மாதான்,” என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது. “ஆமாங்க, அம்மாதான். ஆமா, அவங்க கையால. இல்லைங்க, ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியம்மா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார்.

போனை வைத்ததும் நான் பையை எடுத்தேன். பெரியம்மா எழவில்லை.

“அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. கொக்கி மட்டும்தான் இருக்கு.”

“கொக்கியையும் கழட்டு.”

“கொக்கி என்னம்மா பண்ணும்? வேற ஏதாவது படம்...”

“கொக்கி இருந்தா, நான் செத்த மறுநாள் அது திரும்பி வரும்.”

அந்த யோசனை மகனுக்கோ கையுறை மேடத்துக்கோ இருந்திருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து கோட்டைக் கழற்றி வாளி மேல் போட்டார். “ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?” என்று பேக்கரிக்காரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் சுவர்த் தூசி. உள்ளங்கையைத் திறந்து காட்டினார். பெரிய இரும்புக் கொக்கி, இரண்டு திருகாணியோடு. பெரியம்மா அதை வாங்கி எடை பார்க்கிற மாதிரி கையில் வைத்துப் பார்த்தார். தன் கைப்பையில் போட்டு மூடினார். பிறகுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இப்போது திரும்ப அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வேலை போகவில்லை அம்மா, விசாவுக்கும் ஒன்றுமில்லை. மாடி அறையில் கட்டில் இருக்கிறது, சுவரில் ஓட்டை இருக்கிறது, தரை சுத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் படம் மியூசியத்தில் அதே பெயரோடுதான் தொங்குகிறது. பெயரை மாற்றச் சொல்லி மகன் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்று சொன்னார்களாம். என் வீடியோவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, சித்தி வீட்டு வரைக்கும் போய்விட்டது என்கிறாய்.

அதனால் அக்கா, இதை அப்படியே குழுவில் போடு. ஒரு வார்த்தைகூட வெட்டாமல் போடு. அத்தானை அந்தச் சிரிக்கிற பொம்மையை எடுக்கச் சொல். எடுத்தாரா இல்லையா என்று பெரியம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.